ஜீரோ காட்டினால் ஜீரோதானா? மின்வாகனப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, 2025 ஆகஸ்டு முதல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட். நம்மூர்ப் பிள்ளைகள் 'இ.வி. கோர்ஸ்' தேடி அலைவதில் ஆச்சரியமில்லை. மூன்று நாள் வகுப்பு, பளபளப்பான சான்றிதழ் என்று கடை விரித்தவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "பேட்டரி பேக்கை நாங்களே கழற்றி மாட்டுவோமா?" படம் போட்டுக் காட்டுவோம் என்று பதில் வந்தால் கிளம்பிவிடலாம். பாடம் மட்டும் போதுமென்றால் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கைவேலைக்கு ஐடிஐயில் மின்வாகன மெக்கானிக் என்றே தனிப் பிரிவு உண்டு.

பயிற்சிக்கூடத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு, "வண்டி ஆஃப்ல தானே சார் இருக்கு" என்பது. மின்கார்கள் பலவற்றில் பேட்டரி 300, 400 வோல்ட். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டரில் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது வடிய எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அந்தந்த வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். காத்திருந்துவிட்டு, வோல்ட் மிச்சமிருக்கிறதா என்று மீட்டரால் அளக்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல். ஒருமுறை ஒரு மாணவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "ஜீரோ சார்" என்றார். அதே மீட்டரை ஸ்கூட்டரின் 12 வோல்ட் பேட்டரியில் வைக்கச் சொன்னேன். அங்கேயும் ஜீரோ! மீட்டரின் லீட் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அதனால்தான் முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் மீட்டரைச் சோதித்து, அப்புறம் வண்டியில் அளந்து, திரும்பவும் தெரிந்த இடத்தில் சோதிக்க வேண்டும். மூன்று தடவை. அலுப்பாகத்தான் இருக்கும்.

ஸ்கூட்டர் பேட்டரி 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அசட்டையாக இருப்பது இன்னொன்று. ஷாக் அடிக்காமல் போகலாம். ஆனால் 48 வோல்ட் என்று பொதுவாகச் சொல்லப்படும் 51.2 வோல்ட் பேக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பானர் விழுந்து, மொத்த மின்தடை 50 மில்லி ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 1000 ஆம்பியரைத் தாண்டும். அந்த இடத்தில் மோதிரம் போட்ட விரல் இருந்தால்? மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.

புராஜெக்ட் செய்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று சொல்லும் சர்க்யூட்டை வருடா வருடம் யாராவது கொண்டு வருகிறார்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் அது எடுபடாது. சார்ஜ் முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் வோல்ட் ஏறக்குறைய 3.2, 3.3க்குள்ளேயே நிற்கும். முழு சார்ஜில் அதற்கு உச்சவரம்பு 3.65, என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம்) செல்லுக்கு 4.2. ஒன்றின் சார்ஜரை மற்றதற்கு மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு வருவோம். பேட்டரி ஆயுளைக் கணிக்கிறேன் என்று பலர் நாசா வெளியிட்ட பழைய செல் தரவை எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஒரே செல்லின் சார்ஜ் ஏற்றி இறக்கும் சுற்றுகளைக் கலைத்துப்போட்டு, பாதியில் கணிக்கும் கணினி மாடலுக்குக் கற்றுக்கொடுத்து மீதியில் சோதிப்பதுதான் தவறு. 10ஆவது, 12ஆவது சுற்றுகளைப் பார்த்த மாடல் 11ஆவதைச் சரியாகச் சொல்லாமல் என்ன செய்யும்? 99 சதவீதம் துல்லியம் வந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஒரு செல்லை மாடலின் கண்ணில் காட்டாமல் முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். அப்புறம், அந்தத் தரவில் பெரிதும் பயன்படும் பி0005 போன்ற செல்கள் 24 டிகிரி அறையில் ஓடியவை. மே மாத வேலூரில் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டுத்தோற்ற மோட்டார் வாங்கி வைக்கும் கல்லூரிகள், அந்தப் பணத்தில் வளாகத்துப் பேட்டரி வண்டியில் அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஒரு டேட்டா லாகர் மாட்டலாம். முதல் வாரத்து வரைபடம் கோணல்மாணலாகத்தான் வரும். பெரும்பாலும் ஏதாவது ஒரு வெப்ப சென்சாரின் ஒயர் லூசாக இருக்கும். தேடிப் பிடிக்க ஒரு மத்தியானம் ஆகும்.