தூக்கம் வரலையா? மணிக்கட்டுல ஒரு புள்ளி இருக்கு

ராத்திரி 2 மணி வரைக்கும் ஃபேனையே பாத்துட்டு படுத்திருக்கிறவங்க இத ஒரு வாரம் செஞ்சு பாருங்க. உள்ளங்கைய மேல திருப்பினா மணிக்கட்டுல மடிப்பு ரேகை ஓடும்ல, அதுல சுண்டுவிரல் பக்கம் கயிறு மாதிரி ஒரு தசைநாண் தட்டுப்படும், அதுக்கு உள்பக்கம், அதாவது கட்டைவிரல் இருக்கிற பக்கமா இருக்கிற சின்ன பள்ளம்தான் அக்குபங்சர்ல ஷென்மென்னு சொல்ற புள்ளி. ஊசியெல்லாம் நாமளே குத்தக்கூடாது, கட்டைவிரலால வலிக்காம அழுத்தி மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே கைக்கு 2 நிமிஷம், அவ்ளோதான். எனக்கு இதோட வெதுவெதுப்பான பால்ல ஒரு சிட்டிகை ஜாதிக்காய் தூள் போட்டு குடிச்சா நல்லா கேக்குது, ஆனா சிட்டிகைக்கு மேல வேண்டவே வேண்டாம், அதிகமானா தலைசுத்தலும் வாந்தியும் வரும், மாசமா இருக்கிறவங்க தொடாதீங்க. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா மட்டும் இதையெல்லாம் நம்பிட்டு இருக்காம உடனே டாக்டர பாருங்க.