கீமோ வார்டில் செவிலியர் திறனை டேப்லெட் கணினிப் படிவத்தால் மதிப்பிடும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்துப் புற்றுநோயாளிகள் ஆசாரிப்பள்ளத்திலும் நெய்யூரிலும் மட்டுமல்லாமல், எல்லை கடந்து திருவனந்தபுரத்திலும் சிகிச்சை பெறுகிறார்கள். எங்கே மருந்து ஏற்றினாலும், ஏற்றுகிற செவிலியரின் கை எப்படிப் பழகியிருக்கிறது என்பதை எழுத்துத் தேர்வு காட்டுவதில்லை. அறிதல், எப்படி என்று அறிதல், செய்துகாட்டுதல், நடைமுறையில் செய்தல் என மருத்துவத் திறனை 1990இல் ஜார்ஜ் மில்லர் நான்கு படிகளாகப் பிரித்தார். கணினியில் நடத்தும் வினாடி வினா முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். மேல் படிகளை நேரில் பார்த்து, பார்த்த இடத்திலேயே பதிந்துகொள்ளத்தான் டேப்லெட் வேண்டும்.

செயலியைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வார்டின் உள்ளறைகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், இணையம் இல்லாமலும் படிவத்தை நிரப்பிப் பின்னர் அனுப்ப உதவும் கோபோடூல்பாக்ஸ் போன்ற ஒன்று போதும். நோயாளியின் பெயரோ முகமோ அதில் பதிவாகக் கூடாது.

உழைப்பு முழுவதையும் வேண்டுவது படிவத்தின் வாசகங்கள். நாங்கள் முதலில் எழுதிய படிவத்தில் ‘பாதுகாப்பாக மருந்து ஏற்றினார்’ என்று ஒரு வரி இருந்தது. அதில் எல்லாருமே தேறினார்கள், எங்களுக்கு எதுவும் தெரியவரவில்லை. அந்த ஒரு வரியைக் கண்ணால் காணக்கூடிய செயல்களாக உடைக்க வேண்டும். நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்சோரூபிசினை ஏற்றும்போது, தொடங்குவதற்கு முன்னும் இடையிடையேயும் கேனுலாவில் (ரத்தநாளத்தில் செருகிய சிறு குழாயில்) ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தாரா, கை எரிகிறதா என்று நோயாளியிடம் கேட்டாரா, இன்னொரு செவிலியர் மருந்தளவைத் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்த்தாரா என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு விடைகள் வையுங்கள்: தானாகச் செய்தார், நினைவூட்டியபின் செய்தார், செய்யவில்லை, பார்க்க வாய்ப்பில்லை. நான்காவது விடை இல்லாவிட்டால், மதிப்பீட்டாளர் தாம் பார்க்காததையும் ‘செய்தார்’ என்றே குறித்துவிடுவார்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. வின்கிறிஸ்டின் ரத்தநாளத்தில் மட்டுமே செலுத்த வேண்டிய மருந்து. தண்டுவடத் திரவத்தில் செலுத்தினால் உயிரைப் பறிக்கும். அதன் செலுத்துவழியைச் சரிபார்க்காத ஒருவர் மற்ற வரிகளில் எவ்வளவு சிறப்பாகச் செய்திருந்தாலும் தேறியவர் ஆகமாட்டார். இத்தகைய வரிகளில் ஒன்று தவறினாலும் ‘மறுபார்வை தேவை’ என்று படிவமே காட்டும்படி அமைத்துவிடுங்கள்.

மருந்து ரத்தநாளத்துக்கு வெளியே கசிவது போன்ற நிகழ்வுகளுக்காக வார்டில் காத்திருக்க முடியாது. பயிற்சிக்கான செயற்கைக் கையில்தான் பார்க்க வேண்டும். பதற்றத்தில் கேனுலாவை உடனே உருவிவிடுவதே அங்கு அடிக்கடி காணும் பிழை. மருந்தை நிறுத்தி, கேனுலாவை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே தேங்கியதை உறிஞ்சி எடுத்து, மருத்துவருக்குத் தெரிவிக்கிறாரா என்று பாருங்கள். பிறகு டாக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டினுக்குச் சூட்டு ஒத்தடம் என்ற வேறுபாட்டைக் கேளுங்கள்.

தொலைபேசி அழைப்பையும் மதிப்பிடலாம். கீமோ முடிந்து பத்தாம் நாள் குலசேகரத்திலிருந்து ஒருவர் அழைப்பதாக, சக ஊழியர் ஒருவரின் குரலில் பதிந்து படிவத்தில் சேர்த்துவிடுங்கள்: “மேலு வலிக்கு சிஸ்டர், லேசா சூடும் இருக்கு, காலையில வந்தா போதுமா?” வெப்பநிலையைக் கேட்டறிந்து, 38.3 டிகிரி செல்சியஸ் என்றால் உடனே புறப்படச் சொல்ல வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கக்கூடிய அந்த நோயாளிக்கு, வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் வரச் சொல்வது தவறான விடை. வட்டார வழக்கிலேயே பதிவது அவசியம், ஏனெனில் நோயாளி ‘காய்ச்சல்’ என்ற சொல்லைச் சொல்லாமலே பேசி முடித்துவிடலாம்.

தொடக்கத்தில் சில மதிப்பீடுகளை இருவர் தனித்தனியாக, ஒரே நேரத்தில் செய்யட்டும். இருவரும் வேறுபடும் வரியை உடனே திருத்தி எழுதுங்கள். குறை பெரும்பாலும் செவிலியரிடம் இருக்காது, வாசகத்தில்தான் இருக்கும். முடிவை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், அன்றைய பணி முடிவதற்குள் அவரோடு தனியாக உட்கார்ந்து காட்டுங்கள். தவறிய வரிகளை மட்டும் இரண்டு வாரத்தில் மீண்டும் பாருங்கள்.