பிளம்பர் வேண்டுமா? ஹார்டுவேர் கடையில் கேளுங்கள்

குழாய் ஒழுகினாலோ சுவிட்ச் பழுதானாலோ, உங்கள் பகுதியின் பழைய ஹார்டுவேர் கடைக்குக் காலைக் கூட்டம் தணிந்த பின் சென்று, "உங்களிடம் கடனுக்குச் சாமான் வாங்கி ஒழுங்காகக் கணக்கு முடிப்பவர் யார்?" என்று கேளுங்கள். "நல்ல ஆள் யார்?" என்று மட்டும் கேட்டால், அந்த நேரத்தில் கடை வாசலில் நிற்பவரையே கைகாட்டிவிடுவார்கள்.

பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும் பெரும்பாலும் ஒரே கடையில் கணக்கு வைத்து வாங்குவதால், பணத்தை இழுத்தடிப்பவர் யார், மீந்த எல்போ, டீ போன்ற குழாய் இணைப்புத் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கில் கழிப்பவர் யார், வெந்நீரையும் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்குச் சாதாரண பிவிசி பசையை வாங்கிப் போகிறவர் யார் என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவருக்கு அத்துப்படி. சிபிவிசிக்கு உரிய பசையே வேறு. மாற்றி ஒட்டிய இணைப்பு வெந்நீர் ஓடும்போது விட்டுப்போகக்கூடும் என்பதால், இப்படிப் பசையை மாற்றி வாங்குபவரைக் கட்டாயம் தவிருங்கள். கடன் கொடுக்கும் கடையைப் பகைத்துக்கொள்ள எவரும் விரும்புவதில்லை. ஆகவே, வேலையில் குறை இருந்தால் திரும்ப வந்து சரிசெய்வார்கள்.

சில கடைகள் ஆட்களுக்குக் கமிஷன் தருவதுண்டு (அது உங்கள் பில்லில்தான் ஏறும்). எனவே கூலியைத் தனியாகப் பேசிக்கொண்டு, சாமான்களை நீங்களே பில்லுடன் வாங்குங்கள்.

உத்தரவாதக் காலம் முடியாத வாஷிங் மெஷின், ஏ.சி. போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது. வெளியாள் திறந்தால் உத்தரவாதமே போய்விடலாம். மின்மீட்டரிலோ அதற்கு முந்தைய இணைப்பிலோ பழுதென்றால், மின்வாரியத்துக்கே சொல்ல வேண்டும்.