மலிவு பிரெஞ்சு ஒயின்: பாட்டில் நல்லதுதான், கெடுப்பது நாம்தான்

பிரெஞ்சு ஒயின் என்றதும் வாயில் வருவது போர்தோ, பர்கண்டி. அந்த இரண்டுக்கும் செய்கிற உபசாரத்தை அப்படியே பேர் தெரியாத ஊர் பாட்டிலுக்கும் செய்வதில்தான் முக்கால்வாசித் தவறும் நடக்கிறது.

நான் ஒரு மஸ்கடே பாட்டிலை நல்ல நாள் வரட்டும் என்று நாலு வருடம் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். திறந்தால் எலுமிச்சை வாசம் போய், நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிள் வாடை. லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், நான்த் நகரைச் சுற்றி விளைகிற வெள்ளை ஒயின் இது. பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டிய சரக்கு. கிளிசோன் மாதிரி கிராமத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டு வருபவை மட்டும் பல வருடம் தாங்கும்.

பேரைப் பார்த்து ஏமாறுவது அடுத்தது. இனிப்பும் மணமுமான மஸ்கட் திராட்சைக்கும் மஸ்கடேவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதன் திராட்சை மெலோன் த பூர்கோன். வெடுக்கென்ற புளிப்பு, லேசான உப்புக் கரிப்பு. வாங்கும்போது லேபிளில் ‘சூர் லீ’ என்று இருக்கிறதா பாருங்கள். நொதித்து முடிந்து அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை வடிக்காமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் வாயில் கொஞ்சம் கனம் கிடைக்கும்.

தெற்கு பிரான்சின் லிமூ ஊரிலும் இதே கதை. அந்த ஊரின் க்ரேமான் என்கிற நுரை ஒயின், ஷாம்பேன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்து நுரை கட்டுவது, விலையோ பல மடங்கு குறைவு. ஆனால் அதே அலமாரியில் ‘மெத்தோட் ஆன்செஸ்த்ரால்’ (பழங்கால முறை) என்று போட்ட, ப்ளான்கெத் என்கிற இன்னொரு நுரை ஒயினும் நிற்கும். அது இனிப்பு; ஆல்கஹால் ஏழு சதவீதம் போலத்தான். தெரிந்து வாங்கினால் கேக்கோடு அருமை, தெரியாமல் வாங்கினால் விருந்தினர் முகத்தைப் பார்க்க முடியாது.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிற பழைய பாடம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். அந்தப் பேச்சு வந்தது ஹீட்டர் இல்லாத, 16 அல்லது 17 டிகிரியில் இருந்த வீடுகளில். 24 டிகிரி அறையில் வைத்த, போஜோலே என்கிற லேசான சிவப்பு ஒயினில் பழ வாசனையை அமுக்கிக்கொண்டு ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். திறப்பதற்கு முன் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதே பாட்டில்தானா என்று கேட்பீர்கள். வெள்ளைக்கு எதிர்ப்பக்கத் தவறு: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் குளிர்ச்சி தெரியும், ஒயின் தெரியாது. ஒரு பத்து நிமிடம் வெளியே இருக்கட்டும்.

மதிரான் என்கிற சிவப்பு ஒயினை வெறும் வயிற்றில் குடித்துவிட்டுத் திட்டுபவர்களும் உண்டு. பிரான்சின் தென்மேற்கு மூலையில் விளையும், மதிரானின் முக்கியத் திராட்சையான தன்னாவில் டேனின் அதிகம், அதாவது வாழைக்காய்த் தோல் மாதிரியான துவர்ப்பு. அந்தப் பக்கத்து ஆட்கள் அதை வாத்துக் கறியோடுதான் குடிக்கிறார்கள். கொழுப்பும் கறியும் சேர்ந்தால் துவர்ப்பு அடங்கிவிடும். சும்மா பேசிக்கொண்டே பருக வேண்டுமா, ஆர்மன்யாக் பிராந்தி தயாராகும் பக்கத்திலிருந்து வரும் கோத் த கஸ்கோன் வெள்ளையை எடுங்கள்.

தங்க மெடல் ஸ்டிக்கர், கனத்த பாட்டில், ‘வியேய் வீன்ய்’ என்கிற முதிய கொடிப் பெருமை, இவற்றுக்காகக் கூடுதலாக ஒரு யூரோ கொடுக்காதீர்கள். எத்தனை வயதானால் கொடி முதியது என்று சட்டத்தில் வரையறையே இல்லை.

அப்புறம், மிஞ்சியதை மேஜையிலேயே விடுவது. சிவப்போ வெள்ளையோ, கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மஸ்கடே அதற்கும் மேல் கிடந்தால் வெங்காயம் வதக்கி, மட்டி வேகிற சட்டியில் ஊற்றிவிடுங்கள். நான்த் பக்கம் புது பாட்டிலையே திறந்து ஊற்றுவார்கள்.