எக்ஸ்பி நிறுவும்போது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா?

பழைய ஸ்கேனருக்காகவோ பழைய கணக்கு மென்பொருளுக்காகவோ விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் பலருக்குத் தேவைப்படுகிறது. சிடியைப் போட்டால் நீலத் திரையில் கோப்புகள் வரிசையாக ஏறும். அப்புறம், 'உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை, எஃப்3 அழுத்தி வெளியேறவும்' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். உடனே புது டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும்.

எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். சாட்டா என்ற இணைப்பில் வரும் டிஸ்க்குகளுடன் கணினி பேசும் ஏஎச்சிஐ என்ற முறை அதற்குப் பிறகு வந்தது. அதனால் எக்ஸ்பி சிடியில் அதற்கான டிரைவரே (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) கிடையாது.

படி 1: கணினியை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் கோளாறு எக்ஸ்பியில் இல்லை. கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். வேறு கேபிள் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

படி 2: பெயர் தெரிந்தால், அதே பயாஸில் 'சாட்டா மோட்' அல்லது 'சாட்டா ஆபரேஷன்' என்ற வரியைத் தேடுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் அது ஒவ்வொரு பக்கத்தில் இருக்கும்; பொறுமையாகத் தேட வேண்டும். ஏஎச்சிஐ என்றிருந்தால் ஐடிஇ (எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய முறை) என மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள். சில கணினிகளில் ஐடிஇக்குப் பதில் ஏடிஏ அல்லது கம்பாட்டிபிள் என்று போட்டிருக்கும். மீண்டும் சிடியிலிருந்து தொடங்கினால் டிஸ்க் தெரிந்துவிடும். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

மாற்றும் முன் ஒன்று: அதே டிஸ்க்கில் விண்டோஸ் 7 போன்ற வேறு சிஸ்டம் ஏஎச்சிஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால், இந்த மாற்றத்தால் அது தொடங்காமல் போகலாம். பழைய அமைப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஐடிஇ என்ற வாய்ப்பே இல்லையா? அப்படியானால் டிரைவரை நாம்தான் கொடுக்க வேண்டும். நிறுவல் தொடங்கியதும் திரையின் அடியில் எஃப்6 அழுத்தச் சொல்லி ஒரு வரி சில விநாடிகள் மட்டும் வரும். ஆனால் அந்த வழி டிரைவரை ஃப்ளாப்பியில் கேட்கும். இன்று ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? அதைவிட, என்லைட் என்ற இலவச மென்பொருளால் டிரைவரை எக்ஸ்பி சிடிக்குள்ளேயே சேர்த்துப் புது சிடி எழுதுவதே நல்லது. சேர்க்கும்போது 'டெக்ஸ்ட்மோட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையாகச் சேர்த்தால் நிறுவும் நேரத்தில் பயன்படாது. உங்கள் சிப்செட்டுக்கான (மதர்போர்டின் முக்கிய சிப்), எக்ஸ்பிக்கென வெளியான டிரைவராகவும் இருக்க வேண்டும்.

படி 4: டிஸ்க் தெரிகிறது, ஆனால் அளவு குறைவாக, ஏறக்குறைய 1,31,000 எம்பி என்று மட்டும் காட்டுகிறதா? சர்வீஸ் பேக் இல்லாத முதல் எக்ஸ்பி சிடிக்கு 137 ஜிபிக்கு மேல் எட்டாது. சர்வீஸ் பேக் 2 அல்லது 3 சேர்ந்த சிடியை எடுங்கள். ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க் என்றால் 32 பிட் எக்ஸ்பியால் அதைப் படிக்க முடியாது. அதில் உங்கள் கோப்புகள் இருந்தால் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) அழிக்கும் விசையைத் தொடவே வேண்டாம். வேறு டிஸ்க்கில் நிறுவுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கும் நிரல்) நிறுவுபவர்களுக்கும், டிஸ்க் சாட்டா கன்ட்ரோலரில் இருந்தால் இதே சிக்கல் வரலாம். அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலரிலிருந்து எடுத்து ஐடிஇ கன்ட்ரோலரில் இணைத்தால் போதும்.

ஐடிஇ முறையில் நிறுவிய பிறகு பயாஸில் யாராவது ஏஎச்சிஐக்கு மாற்றினால், 7பி என்று முடியும் பிழை எண்ணுடன் நீலத் திரை வரும். பயாஸின் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழையபடி மாறினாலும் இதே கதைதான். எக்ஸ்பியை மறுபடி நிறுவ வேண்டாம். பயாஸில் ஐடிஇக்குத் திருப்புங்கள், பேட்டரியை மாற்றுங்கள்.