லடாக் செல்லும் லாரிக்கு டீசல் நிரப்பும் முறை
குமரி மாவட்டத்திலிருந்து குளிர்காலத்தில் லடாக் வரை லாரி ஓட்டிச் செல்பவர்கள், சமவெளியிலேயே டேங்கை முழுதாக நிரப்பிவிடாமல், மலையேறத் தேவையான அளவோடு சென்று, கார்கிலில் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்வது நல்லது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் வெண்மையாகத் திரள்வதுபோல, சாதாரண டீசலில் உள்ள பாரஃபின் மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். 2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென அறிமுகப்படுத்திய டீசலோ மைனஸ் 33 டிகிரி வரை இறுகாமல் ஓடக்கூடியது. நிரப்பியவுடன் வண்டியை நிறுத்திவிட்டால் குழாயிலும் ஃபில்டரிலும் பழைய டீசலே தங்கி இரவில் உறையும் என்பதால், சில கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும். ஸ்ரீநகருக்கும் கார்கிலுக்கும் இடையே உள்ள சோஜிலா கணவாயில் பனியால் சாலை அடைபடுவது உண்டு. ஆகவே கையிருப்பை அளவுமீறிக் குறைக்கவும் கூடாது. கோடையில் செல்வோருக்கும் ஜம்முவிலிருந்தே திரும்பிவிடுவோருக்கும் இது தேவையில்லை.