குசினிக்குள்ள பறக்கிறதெல்லாம் பழக்கொசு இல்லை

மாம்பழக் காலம் வந்தா எங்கட வீட்டில கதிரைக்குக் கீழ, சாக்குக்குள்ள, எங்க பார்த்தாலும் கறுத்தக்கொழும்பான், அதுக்கு மேல கொசு. (கடல் கடந்து வாசிக்கிற ஆக்களுக்கு: இஞ்ச கடிக்கிறது நுளம்பு, பழத்தில மொய்க்கிற குட்டிதான் கொசு.) பிழை விடுற இடமே அதுதான், குட்டியாப் பறக்கிற எல்லாத்தையும் கொசு எண்டு ஒரே கணக்கில போட்டிட்டு, மருந்தை எங்கயோ அடிச்சுக்கொண்டு நிப்பம்.

நானும் போன வருசம் உப்பிடித்தான். பழமெல்லாம் அயலுக்குக் குடுத்தாச்சு, வினாகிரியும் வச்சாச்சு, ஒண்டும் விழேல்லை. கடைசியா பாத்றூம் சுவரில இருந்த ஒண்டை போன் கமராவில பெருப்பிச்சுப் பார்த்தா உடம்பும் செட்டையும் முழுக்க மயிர், செட்டையைக் கூரை மாதிரிச் சரிச்சு வச்சுக்கொண்டு ஒரு குட்டி விட்டில் மாதிரி இருக்கு. அது கழிவுத்தண்ணி பைப்பில வாற ஈ, பைப்புக்குள்ள பிடிச்சுக் கிடக்கிற வழுவழுப்பிலதான் அதின்ர புழு வளரும். பழத்தை ஒளிச்சு என்ன பிரயோசனம், பைப்பை பிரஷ் போட்டுத் தேய்க்கோணும். பூச்சாடியில கால் நீண்டு கறுப்பாப் பறக்கிறதும் வேற, அது ஈர மண்ணில வாறது, தண்ணி ஊத்திறதைக் குறைச்சாக் காணும்.

உண்மையான பழக்கொசு, அதுதான் டிரோசோபிலா, 2-3 மில்லிமீற்றர், மஞ்சள் கலந்த மண்ணிறம், வயித்தில கறுப்பு வரி, ஆணுக்கு வால்பக்கம் முழுக்கக் கறுப்பு. கண் பெரும்பாலும் சிவப்பு, ஆனா கண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதேங்கோ, மங்கின நிறக் கண்ணுள்ள வகையும் இருக்கு. அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் ஹன்ட் மோர்கன் 1910இல தன்ர ஆய்வுகூடத்தில வெள்ளைக் கண்ணோட ஒண்டைக் கண்டு அதில இருந்துதான் பரம்பரையலகு (ஜீன்) நிறமூர்த்தத்தில (குரோமோசோமில) இருக்கெண்டு காட்டினவர், 1933இல நோபல் பரிசும் கிடைச்சது.

பழக்கொசு சீனிக்கு வாறதில்லை, நொதிக்கிற பழத்தில இருக்கிற மதுவத்துக்குத்தான் (ஈஸ்ற்) வருது, கள்ளு முட்டிக்குள்ள மிதக்கிறதைக் கண்ட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் ஈ சில நூறு முட்டை இடும், 25 பாகை வெப்பத்தில முட்டை ஈயாக வர 10 நாள் அளவு. அப்ப ஸ்பிரே அடிச்சுப் பறக்கிறதைச் சாக்காட்டினாலும் அடுத்த கிழமை புதுசு வரும், வெடிச்ச பழம், குப்பை வாளி, கழுவாத போத்தல் அடியைத்தான் முதல்ல பாருங்கோ. வினாகிரிக் கிண்ணம் வைக்கிறதெண்டா பாத்திரம் கழுவிற சோப் ஒரு சொட்டு விடுங்கோ, இல்லாட்டி தண்ணிக்கு மேல நடந்து போயிடும்.

இன்னொரு பெரிய பிழை, மாம்பழத்தை வெட்டேக்க உள்ளுக்க நெளியிற புழுவை இந்தக் கொசுவின்ர பிள்ளை எண்டு நினைக்கிறது. இல்லை. அது குளவி மாதிரி இருக்கிற, 7-8 மில்லிமீற்றர் வாற பழ ஈயின்ர வேலை. அது மரத்தில நிக்கிற நல்ல காயையே குத்தி முட்டை வைக்கும், கொசுவால அந்தத் தோலைத் துளைக்கேலாது. பழ ஈயின்ர புழு விழுந்த பழத்தில இருந்து வெளியில வந்து மண்ணுக்குள்ளதான் கூட்டுப்புழுவாகும், அதால விழுந்ததை அடியிலயே விடாமல் இரண்டடி ஆழத்தில தாழ்க்கோணும். மெதைல் யூஜினோல் எண்ட வாசனைப் பொருள் வச்ச பொறி ஆண் பழ ஈயைத்தான் பிடிக்கும், பாவற்காயைக் குத்திற ஈ அதுக்கு வராது, அதுக்கு வேற பொறி.

எங்கட அம்மா இன்னும் பழத்தோலை வாழையடியிலதான் எறியிறா, ஆனா இப்ப மண்வெட்டியால கொஞ்சம் மண் இழுத்து மூடுறா.